என்மீதே ஒரு நம்பிக்கையில்லாத் தீர்மானம்

சென்ற சனிக்கிழமை ஒரு சொற்போரில் வென்றேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ரயிலில் இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே போகிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்... தீர்ப்பு உங்களுடையது.

லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் எங்கள் விவாத அணி கூடும். மூவர் அணி. தலைவன், நான். புக்கிட் பாத்தோக் வட்டாரத்திலிருந்து வரும் நஸ்ரினை மறுப்புரையில் மிஞ்ச ஆளில்லை – என்னைத் தவிர. மூன்றாமவன் கதிர். பேச்சுக்கும் முறுக்குக்கும் ஒரே வாயைப் பயன்படுத்துவதில் வல்லவன்.

இறுதிச்சுற்று நெருங்கிவிட்டது. தலைப்பு: சிறந்தது அதிபர் ஆட்சிமுறையா, நாடாளுமன்ற ஆட்சிமுறையா? எங்களுக்கு வாய்த்தது நாடாளுமன்றம்.

"இரண்டு ஆட்சிமுறைகளை ஒப்பிட வேண்டுமா? கொடியைப் பார்க்காதீர்கள், கோஷத்தைக் கேட்காதீர்கள். நான்கே கேள்விகள் போதும்" என்று முழங்கி, வெண்பலகையில் எழுதினேன். ஆள்பவரை அமர்த்துவது யார்? இடையில் அவரை இறக்க முடியுமா? அவரைத் தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இவை எழுதிய சட்டமா, எழுதாத வழக்கமா?

அதிபரை மக்கள் குறித்த காலத்துக்கு அமர்த்துகிறார்கள். பிடிக்கவில்லை என்பதற்காக நாடாளுமன்றம் அவரை அனுப்பிவிட முடியாது. பிரதமரோ அவையின் நம்பிக்கை இருக்கும்வரைதான் பிரதமர். அது போனால் நாற்காலியும் போகும். இதுவே நம் வாதத்தின் உயிர் என்று முடித்தேன்.

நஸ்ரின் கை உயர்த்தினாள்.

"அண்ணா, அந்த நாலு கேள்வியையும் நம்ம டீமப் பத்திக் கேக்கலாமா?"

கதிர் முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினான்.

"உங்கள கேப்டனா போட்டது யாரு? இறக்கணும்னா என்ன செய்யணும்? நேத்து என் ஸ்பீச்ச ஃபுல்லா மாத்தி அனுப்பிட்டீங்க. ஒரு வார்த்த கேட்டீங்களா? கடைசிப் பேச்சும் எப்பவும் நீங்கதான். ஏன்?"

அணியைத் தொடங்கியவன் நான். தொடங்கியவனே தலைவன், தலைவனுக்கே தொகுப்புரை. எங்கும் எழுதி வைக்கவில்லை... வழக்கம்.

இங்கேதான் மேடையில் வளர்ந்தவன் மட்டுமே செய்யக்கூடிய பிழையைச் செய்தேன். ஒரு தோழி மனக்குறையைச் சொல்கிறாள். நான் எழுந்து நின்று மறுப்புரை வழங்கினேன்!

"எதிரணியின் வாதத்தில் மூன்று ஓட்டைகள்" என்று தொடங்கினேன். குரலை ஏற்றினேன், இறக்கினேன், வேண்டிய இடத்தில் மௌனம் காத்தேன். கதிர் பழக்கதோஷத்தில் நேரம் பார்த்து மணியடித்தான். மணியோசையும் என் கடைசிச் சொல்லும் ஒரே நொடியில் முடிந்தன. அப்படியொரு முடிப்பு எந்த இறுதிச்சுற்றிலும் எனக்கு வாய்த்ததில்லை.

நஸ்ரின் பையை எடுத்துக்கொண்டாள். "நீங்க ஜெயிச்சிட்டீங்க லா. ஃபைனல்ஸுக்கு நான் வரல."

கதவு சாத்திக்கொண்டது. மூவர் இல்லாத அணி மேடையேற முடியாது என்பது போட்டி விதி.

"மச்சான், பாயின்ட் எல்லாம் சூப்பர்" என்றான் கதிர். "டீம்தான் போச்சு."

அடுத்த மூன்று நாள்கள் அந்த நான்கு கேள்விகள் என்னைத் துரத்தின. அதிபருக்காவது வாக்குப்பெட்டி உண்டு, பதவிக்காலம் உண்டு. எனக்கு எது உண்டு? நாடாளுமன்ற முறையின் மாண்பைப் பேசவிருந்தவன் நடத்தியது எந்த முறை? அதற்கு வெண்பலகையில் இடமே இல்லை!

நம்மில் எத்தனை பேர் இப்படி? அலுவலகக் குழுவில், நண்பர் வட்டத்தில், சங்கத்தின் செயற்குழுவில் – "இங்கே எல்லாரும் சமம்" என்கிறோம். சரி, இங்கே யாரை எப்படி இறக்குவது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? கேட்டவர்தான் அடுத்த கூட்டத்துக்கு வந்திருக்கிறாரா?

செவ்வாய்க்கிழமை குரூப்பில் அறிவித்தேன்: "என்மீது நானே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருகிறேன். நாளை மாலை, டீக்கடையில்."

வந்தார்கள். நான் தாளை விரித்து, "மாண்புமிகு உறுப்பினர்களே..." என்று தொடங்கினேன்.

"உங்களுக்கு எதிரான தீர்மானத்தையும் நீங்களேதான் எழுதணுமா?" என்றாள் நஸ்ரின்.

"ரெண்டு பக்கம் வேற!" என்றான் கதிர்.

அவள் தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் ஒரே வரி எழுதினாள்: கேப்டன மாத்தணும். "ஓகேன்னா கைதூக்குங்க."

அவள் கை உயர்ந்தது. கதிர் என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், மெல்லக் கையை உயர்த்தினான். "சாரி மச்சான். தே தாரிக் டீ நான் வாங்கித் தரேன்."

நான் எதிர்த்து வாக்களித்தேன். தீர்மானம் வேறு, என் கை வேறு. இரண்டுக்கு ஒன்று. ஆட்சி கவிழ்ந்தது, அணி பிழைத்தது.

நஸ்ரின் இப்போது தலைவி. தொகுப்புரை அவளுடையது. எனக்கு முதல் பேச்சு. நாளை மறுநாள் போட்டி.

இன்று காலை என் உரையைத் திருத்தத்துக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "அண்ணா, மூணாவது பேரா அழகா இருக்கு, ஆனா வாதம் நகரல. எடுத்துடலாமா? நீங்க சொல்லுங்க."

இரவு முழுவதும் செதுக்கிய பத்தி அது. மறுப்புக்கான குறிப்புகள் மனத்தில் தாமாகவே வரிசையில் வந்து நின்றன. ஒன்று... இரண்டு... பிறகு "எடுத்துவிடு" என்று அனுப்பினேன்.

கேட்டுவிட்டு வெட்டுபவரோடு வாதிடுவது எவ்வளவு கடினம் தெரியுமா?