ஏழுமலையின் காது

பொறாமைக்காரன் என்று யாராவது என்னைச் சொன்னால் இன்றும் மறுக்க மாட்டேன். நெய்வேலி சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் டம்பர் லாரிகளின் டர்போ இன்ஜின்களைப் பார்ப்பதுதான் எனக்கும் ஏழுமலைக்கும் வேலை. ஒரு சிலிண்டருக்கு டீசல் குறைந்தாலும் இன்ஜின் நொண்டும். எந்த சிலிண்டர் என்பது டர்போ போடும் கூச்சலில் எனக்குப் பிடிபடாது. அவன் சட்டென்று சொல்லிவிடுவான். "காதுன்னா ஏழுமலை காதுதான்" என்று ஃபோர்மேன் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். சார்ஜ்மேன் பதவி எங்களில் ஒருவருக்குத்தான் என்று வேறு பேச்சு.

அன்றும் கண்டுபிடித்துவிட்டான். இன்ஜினை நிறுத்தியபின், ஸ்பேனர் கேட்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கத்தினேன். அப்போதும் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டவன், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"ஒவ்வொரு சிலிண்டருக்கும் போற டீசல் பைப்பைப் புடிச்சிகினு இருந்தா துடிப்பு தெரியும்ணே. எது சோந்து துடிக்குதோ, அந்த சிலிண்டருதான். காது எப்பவோ போய்டுச்சி. மெடிக்கல் செக்கப்புல தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அந்த நேரம் பார்த்து ஃபோர்மேன் வந்தார். "எப்படிய்யா கண்டுபுடிக்கிறான் இவன்?" என்று என்னைக் கேட்டார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதவி எனக்கு. ஏழுமலை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காதுதாங்க" என்றேன்.

அவன்தான் சார்ஜ்மேன் ஆனான். அடுத்த டம்பர் வந்தபோது நானும் பைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். என் கைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் துடித்தன. பொறாமை என்னை விட்டுப் போகவில்லை. அவன் காதிலிருந்து கைக்கு இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.