நான் தள்ளிவிட்ட நன்னீர் அத்தியாயம்

நாற்பத்தொரு பக்கங்களை வேண்டாம் என்று தள்ளினேன். படித்துப் பார்த்துத் தள்ளியிருந்தால் மடையன் என்பதோடு என்னை விட்டுவிடலாம். தலைப்பை மட்டும் பார்த்துத் தள்ளினேன். அதற்குத் தகுந்த சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நாங்கள் பதினேழு பேர். பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் செய்து ரிமோட்டால் முக்கி எடுக்கிறவர்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று சிதறிக் கிடக்கிறோம், கூடுவது வாட்ஸாப்பில். எங்கள் கப்பல்கள் ஓடுவதெல்லாம் வாய்க்காலில், மீன் குட்டையில், ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் பம்புசெட் தொட்டியில். பேச்சு மட்டும் ஆழ்கடல். கடல் உப்பு இரும்பை எப்படித் தின்கிறது என்று விளக்கும் பழைய இங்கிலீஷ் புத்தகங்களைத் தேடிப் பிடித்து, ஸ்கேன் செய்து குழுவில் போடுகிறவன்தான் எங்களில் பெரிய மனுஷன். யார் எதைப் போட்டாலும் ஒரு நிமிஷத்தில் பதினாறு கும்பிடு விழும். கோப்பு இறங்கவே ஐந்து நிமிஷம் ஆகும் என்பதை யாரும் கவனித்ததில்லை.

பெரிய மனுஷனாகும் ஆசை எனக்கும் வந்தது. கும்பகோணத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் தலையணை கனத்தில் ஒன்று அகப்பட்டது. கப்பல் இரும்பு அரிக்கப்படுவதைப் பற்றியது. மூன்று நாள் மொட்டைமாடியில் குந்தி, செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் என் பெயரைப் போட்டுக்கொண்டேன், நானே கடலுக்கடியில் உட்கார்ந்து எழுதியதைப் போல. கடைசியில் ஆற்று நீர், ஏரி நீர் என்று ஓர் அத்தியாயம் வந்தது. முதுகு விட்டுப்போயிருந்தது. நீர்மூழ்கிக்காரனுக்கு ஆற்றுத் தண்ணீரில் என்ன வேலை என்று புத்தகத்தை மூடினேன். அந்த மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தஞ்சாவூர்ப் புது ஆறு ஓடுவது தெரியும்.

பதினாறு கும்பிடும் வந்தன. பதினைந்து பேர் அதோடு நிறுத்திக்கொண்டார்கள், புண்ணியவான்கள். பதினாறாவது ஆள் படித்துவிட்டார்.

அவர் மயிலாடுதுறைப் பக்கம் பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கிற மெக்கானிக். நாங்களெல்லாம் பிளாஸ்டிக் குழாயை ஒட்டிக் கப்பல் என்று பெயர் வைத்தவர்கள். அவர் இரண்டு வருஷமாக இரும்புத் தகட்டை வளைத்து, வெல்டிங் வைத்து, நாலடி நீளத்தில் ஒன்று செய்திருந்தார். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரும் அன்று அதை முக்கி எடுத்துக் காட்டுவதாகத் தெருவுக்கே வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு முன் ஒரு மாதம் மீன் குட்டையில் ஊறப்போட்டுப் பார்ப்பதாகத் திட்டம்.

அவர்தான் எனக்கு போன் செய்தார். கப்பலின் உடம்பில் துத்தநாகக் கட்டியைப் பொருத்தினால் கட்டி கரைந்து இரும்பைக் காப்பாற்றும் என்று புத்தகம் சொல்கிறதாம்.

"அப்ப பெயிண்ட் வேணாங்களா சார்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல்லில் 'பாக்குறேன்' என்று கூட முனகியிருக்கலாம். புத்தகம் போட்டவனாயிற்றே.

"பெயிண்டெல்லாம் பரிசல்காரன் வேலை அண்ணே. நமக்கு ஜிங்க்கு போதும்" என்றேன்.

ஒரு மாதம் கழித்துப் படம் அனுப்பினார். கப்பல் அதிரசம் போலச் சிவந்து, பொருக்குப் பொருக்காகக் கிடந்தது. துத்தநாகக் கட்டிகள் மேலே வெள்ளை பூத்து, வைத்தது வைத்தபடி இருந்தன. பின்னாலேயே போன் வந்தது. அவர் மனைவி, இது கப்பலா, எடைக்குப் போட எடுத்து வைத்த அண்டாவா என்று கேட்டாராம். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கரைய வேண்டியது கரையல சார். இருக்க வேண்டியதுதான் கரையுது."

அதன் பிறகுதான் அந்த நாற்பத்தொரு பக்கங்களைத் திறந்தேன். உப்பில்லாத தண்ணீரில் துத்தநாகத்தை நம்பாதே, மெக்னீசியம் போடு, எதைப் போட்டாலும் முதலில் பெயிண்ட் அடி என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. எந்தப் புண்ணியவானோ அதன் கீழே பென்சிலால் கோடு வேறு போட்டிருந்தான்.

அத்தனை பக்கத்தையும் உடனே படம் பிடித்துக் குழுவில் போட்டேன். பதினைந்து கும்பிடு வந்தன. அவரிடமிருந்து வரவில்லை.

கல்லணை திறந்தாகிவிட்டது, அவர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர ஒரு வாரமே இருந்தது. உட்கார்ந்து அவருக்குத் தனியாக எழுதினேன். நன்னீரில் மின்சாரம் ஏன் சரியாக ஓடாது, துத்தநாகம் ஏன் சோம்பிப்போகிறது, நான் ஏன் அந்த அத்தியாயத்தை விட்டேன், என் முதுகு, என் வருத்தம் எல்லாம் சேர்த்து நான்கு பத்தி. அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது: "நாளைக்குக் காலையில பத்து உப்புத்தாள் வாங்கிட்டு வந்துருங்க."