நூறு மொரீசும் யூரோவும்

"இன்னைக்கு என்னா ரேட்டு?" என்று மொரீசிடம் கேட்டுவிட்டால் அன்றைக்கு உங்கள் வேலை கெட்டது. முத்தியால்பேட்டை டீக்கடையில் எல்லோருக்கும் இது தெரியும். வெளியூர் ஆள் யாராவது வந்து மாட்டிக்கொள்வார்.

மொரீஸ் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் சேர்ந்த காலத்தில் ஒரு பிராங்குக்கு இரண்டு ரூபாய்கூட வராது. ஜிபுத்தி என்கிற பாலைவன நாட்டு வெயிலில் காய்ந்து, ரிட்டையராகித் திரும்பியபோது அது ஐந்து ரூபாயைத் தாண்டியிருந்தது. தான் துப்பாக்கி தூக்கியதால்தான் பிராங்கு ஏறியது என்பதுபோல் பேசுவார். அந்த ஏற்றம்தான் ஆளைக் கெடுத்தது. பொறுத்தால் ரேட்டு ஏறும், அவசரப்பட்டு விற்கிறவன் முட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

முதலில் பலியானது ஒரு கட்டு பிராங்கு நோட்டு. யூரோ வந்தபோது பழைய நோட்டை மாற்ற பிரான்சில் பத்து வருஷம் டைம் கொடுத்தார்கள். ஒரு யூரோவுக்கு இத்தனை பிராங்கு என்று ஒரேயடியாக முடிவு செய்துவிட்டார்கள், இனி அது அசையாது என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். மொரீஸ் கேட்கவில்லை. செத்துப்போன பணத்தைப் பீரோவில் பூட்டி, அது எழுந்து உட்காரும் என்று காத்திருந்தார். 2012 பிப்ரவரியில் கெடு முடிந்தது. மனைவி சுலோசனா அதில் ஒரு நோட்டை எடுத்து, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த பீரோவின் காலுக்கு அண்டக் கொடுத்தார்.

சுலோசனாவுக்குத் தவளக்குப்பம் பக்கம், விவசாயக் குடும்பம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, என்ன விலை போகிறதோ அந்த விலைக்குப் போட்டுவிட்டு வந்து, சாப்பிட்டுத் தூங்குகிற அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர். ராத்திரியில் எழுந்து செல்போனில் ரேட்டு பார்க்கும் புருஷனை அவரால் கடைசிவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை பாரீசில் மகன் லூக்காவைப் பார்த்துவிட்டு வரும்போது மொரீஸ் கொஞ்சம் யூரோ நோட்டு கொண்டுவருவார். உட்கார்ந்து போகிற மாதிரி ஒரு கக்கூஸ் கட்டுவதற்கு என்று அதைத் தனியாக வைத்தார். கொல்லையில் இருந்தது குத்தவைத்து உட்காரும் பழைய கக்கூஸ். அவருக்கோ இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது.

2013-இல் யூரோ தொண்ணூறைத் தொட்டது. பணம் மாற்றும் கடைக்கார ஒசேன் தானே போன் செய்தார். ஐயா என்பதைப் பிரெஞ்சில் ‘முசே’ என்றுதான் சொல்வார்.

"முசே, வித்துடுங்க. இதுக்கு மேல ஏறாது."

"நூறு வரட்டும் ஒசேன்."

இரண்டே வருஷத்தில் அது எழுபதுக்குக் கீழே விழுந்தது. தெரு அவருக்கு ‘நூறு மொரீஸ்’ என்று பெயர் வைத்தது. அவர் கக்கூஸ் ஜன்னல் கம்பியில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, ராணுவப் பயிற்சியில் சுவர் ஏறுகிறவர்போல அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து வரப் பழகிக்கொண்டார். பத்து வருஷம் அப்படியே ஓடியது.

போன வருஷம் ஜூலையில் டிவியில் சொல்லிவிட்டார்கள், யூரோ நூறைத் தாண்டியது. மொரீஸ் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஒசேன் கடைக்குப் போனார்.

"அது பேங்கு பேங்குக்குள்ள நடக்குற ரேட்டு முசே. நோட்டா குடுத்தா தொண்ணூத்தெட்டுதான் வரும்."

நோட்டோடு திரும்பி வந்தார். செப்டம்பரில் ஒசேன் மறுபடி போன் செய்தார். "கையில நூறு, முழுசா தர்றேன். வாங்க."

மொரீஸ் தொண்டையைச் செருமினார். "அவசரப்படாத ஒசேன். நூத்திப்பத்து போவும்."

பின்னால் நின்றிருந்த சுலோசனா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலையில் கயிறு அறுந்தது.

"சுலோ! எழுந்துக்க முடியல!"

"தாப்பாளத் தொறங்க."

"எட்டல. பக்கத்து வூட்டு வெற்றிவேலக் கூப்புடு."

"கூப்புடுறேங்க. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. ஒசேன்கிட்ட வித்துடலாமா?"

"இங்க வந்து பேசுற பேச்சாடி இது? நூத்திப்பத்து வரட்டும்."

"சரி, வர்ற வரைக்கும் உள்ளயே இருங்க. நான் போயி ஒல வைக்கிறேன்."

உள்ளேயிருந்து ‘மெர்த்’ என்று ஒரு பிரெஞ்சு வசவு வந்தது. அதற்கு மலம் என்று அர்த்தம், அதனால் இடத்துக்குப் பொருத்தம்தான். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் இறங்கி வந்தது.

"நூத்திரெண்டு வந்தா?"

"இன்னைய ரேட்டு."

"நூத்தொண்ணு, சுலோ. ஒரு ரூபாதான் கேக்குறேன்."

"ஒல கொதிக்குதுங்க."

"வித்துத் தொல!"

வெற்றிவேல், தட்டாஞ்சாவடியில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர், கடப்பாரையோடு வந்து கதவை நெம்பினார். அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினார். அதற்குள் எதிர் மாடியில் துணி காயப்போட மூன்று பேர் வந்துவிட்டார்கள். யார் கையிலும் துணி இல்லை.

பதினோரு மணிக்கு சுலோசனா பாஸ்போர்ட்டோடு ஒசேன் கடையில் நின்றார். பேரம் பேசவில்லை, எல்லா நோட்டையும் மாற்றினார். தீபாவளிக்குள் படுக்கையறையை ஒட்டி வெள்ளைப் பீங்கான் வந்து உட்கார்ந்தது. பிடித்து எழுந்திருக்க இரண்டு பக்கமும் எவர்சில்வர் கம்பி, வெற்றிவேல் பட்டறையில் வளைத்தது.

டிசம்பரில் யூரோ நூற்றைந்தைத் தாண்டியது. மொரீஸ் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவசரத்தில் எவ்வளவு போச்சு என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தார்.

"அப்ப நீங்க புதுசுல போவாதீங்க. கொல்லையில பழசு சும்மாதான கெடக்குது?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றினார்.

இப்போது மற்ற சொல்தாக்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறார். கம்பியைப் பிடித்து உட்கார்ந்து, எழுந்து காட்டுகிறார். சரியான நேரம் பார்த்து விற்றதால்தான் கட்ட முடிந்தது, இதற்கெல்லாம் அனுபவம் வேண்டும் என்கிறார். சுலோசனா அவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டுச் சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்கிறார்.