பாலத்தை விட்டுத் திரும்பிய கவச வண்டி

எனக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால் நான் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். காரைக்கால் – நெடுங்காடு தடத்தில் கிளீனர். தங்கையை ஒரு சொல்தாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எண்பதுகளின் தொடக்கத்தில் மாப்பிள்ளை லீவில் வந்தபோது தங்கை முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்றாள் அம்மா. கையோடு பிரான்சுக்கு அழைத்துப் போவதாக மாப்பிள்ளை. வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் அவர் பெட்டியிலிருந்து ஒரு சண்டை விளையாட்டை எடுத்தார். கட்டம் போட்ட வரைபடம், நடுவே ஆறு, அதன்மேல் பாலம், பகடை, அட்டையில் வெட்டிய ஆட்களும் வண்டிகளும். முடிவில் பாலம் யார் கையிலோ அவருக்கு வெற்றி. நான் ஜெயித்தால் தங்கை இங்கே, அவர் ஜெயித்தால் அங்கே என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். பட்டாளத்துக்காரரோடு சண்டைக்குப் போன ஒரே பஸ் கிளீனர் நானாகத்தான் இருப்பேன்.

எனக்கு ஒரு கவச வண்டி கிடைத்தது. அவர் பட்டாளத்தில் ஏறிப் போவதும் அதே மாதிரி வண்டிதானாம், பெருமையாகச் சொன்னார். டாங்கிக்குப் பீரங்கி பெரிது, ஆனால் ஆள் ஏற்றாது. இது ஒரு கூட்டத்தையே சுமந்து ஓடும். துப்பாக்கிக் குண்டு உள்ளே இறங்காது. சின்ன பீரங்கியால் மறிப்பவனைச் சுடும். ஆற்றில் மிதந்து அக்கரை ஏறும், பின்கதவைத் திறந்து ஆட்களை இறக்கிவிடும். சுடத் தெரிந்த பஸ் என்று எனக்குப் புரிந்தது.

ஆற்றை நீந்திப் போய் அவர் படையின் முதுகுப் பக்கம் ஆட்களை இறக்கினேன். மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. கடைசிச் சுற்றில் வண்டியைப் பாலத்தில் நிறுத்தினால் போதும். ஆனால் என் ஆட்கள் மூன்று பேர் அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கிளிஞ்சல்மேட்டு மீன்காரிகள் கூடையோடு ஓடிவந்தால் எங்கள் பஸ் பின்னோக்கி வந்து ஏற்றிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் என் கை வண்டியைத் திருப்பியது.

“மச்சான், அவங்கள விட்டுட்டுப் போலாங்க. அவங்களுக்கு மார்க்கே கெடையாது.”

“ஏத்தாம எப்படிங்க மாப்ள போறது? ரைட்டு சொல்ல வாய் வரலைங்க.”

பாலம் அவருக்குப் போனது. அம்மா பார்த்த பார்வையில் அன்றைக்கு எனக்குச் சோறு இல்லை என்று தெரிந்தது.

தங்கை அடுப்படியிலிருந்து வந்தாள். புள்ள பெறப்போவது அவள், பந்தயம் கட்ட நாங்கள் யார் என்று இருவரையும் ஒரு வாங்கு வாங்கினாள். பிறகு புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணன் மூணு அட்டைக்காகத் திரும்பிப் போச்சு. நீங்க எனக்காக ஒருவாட்டி திரும்பி வரமாட்டீங்களா?”

மாப்பிள்ளை அந்தக் கவச வண்டி அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். வண்டியின் பலத்தையெல்லாம் அடுக்கியவர், இறக்கிவிட்ட ஆளைத் திரும்பி வந்து ஏற்றும் என்பதைச் சொல்லவே இல்லை. சண்டையில் அது எங்கே சேர்த்தி என்று எனக்கும் தெரியாது.

“கொழந்தைக்குத் தல நின்னதும் வந்து அழைச்சிக்கிறேன்” என்றார், அட்டைகளைப் பொறுக்கியபடி.

போனவர்கள் திரும்பாத வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர் வந்தார். வாசலில் பெட்டியை இறக்கும்வரை அம்மா நம்பவில்லை. நானும்தான்.