பட்டன் இல்லாத பியானோ

எங்க வீட்டுக்காரருக்கு வெளியில பேரு ‘பட்டன்’. பகல்ல ஃபேன் மோட்டாருக்குக் காயில் கட்டுற வேலை, சாயங்காலம் விசேஷங்கள்ல கீபோர்டு. எல்லாம் கேள்வி ஞானம்தான். எந்தப் பாட்டா இருந்தாலும் சி மேஜர்ல, வெள்ளைக் கட்டையிலயே வாசிப்பாரு. சுருதி ஏறணும், இறங்கணும்னா கீபோர்டுல அதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கு. விரல் போற இடம் மாறாது, சத்தம் மட்டும் மாறும். இருபது வருஷம் இப்படியே ஓட்டியாச்சு. பாடுறது நான்.

போன மாசம் ஒரு ஓட்டல்ல கூப்பிட்டாங்க. தினமும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம், நிரந்தர வேலை. ஸ்பீக்கரையும் ஸ்டாண்டையும் மாடி மாடியாத் தூக்கி மனுஷனுக்கு இடுப்பே போயிடுச்சு, அதனால எனக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல. ஆனா அங்க இருக்கிறது நிஜப் பியானோ. அதுலதான் வாசிக்கணும், பத்து நாள்ல வந்து வாசிச்சுக் காட்டுங்கன்னு மேனேஜர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு.

“பியானோவுல பட்டன் கிடையாதே!”ன்னு இவரு பேயறைஞ்ச மாதிரி நின்னாரு.

அன்னைக்குப் போச்சு வீட்டு நிம்மதி. எங்கேயோ ஒரு பழைய புத்தகத்தைப் பிடிச்சுட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டைக் கவுத்து சார்ட் பேப்பர்ல ஒரு வட்டம் போட்டு, பீரோ கதவுல ஒட்டினாரு. உச்சியில சி. அதுக்குக் கறுப்புக் கட்டையே வேணாம். வலது பக்கமா, சி-யையும் சேர்த்து அஞ்சு எண்ணினா ஜி, அதுக்கு ஒரு ஷார்ப், அதாவது ஒரு வெள்ளைக்குப் பதிலா அதுக்கு மேல இருக்கிற கறுப்பு. அங்கிருந்து அஞ்சு எண்ணினா டி, ரெண்டு ஷார்ப். அடுத்தது ஏ, மூணு. பழசு அப்படியே இருக்க, ஒவ்வொரு அடிக்கும் புதுசா ஒண்ணு சேரும். சி-க்கு இடது பக்கம் எஃப், அதுக்கு ஒரு ஃப்ளாட், அதாவது கீழ இருக்கிற கறுப்பு. அந்தப் பக்கம் போகப் போக ஃப்ளாட் கூடும். இவ்வளவுதான் சங்கதி. இதுக்கு இந்த மனுஷன் பட்ட பாடு இருக்கே!

பல் விளக்கும்போது வாய்க்குள்ளயே எண்ணுவாரு. சாப்பிட உக்காந்தா காலாட்டம். பாதிச் சோத்துல எழுந்து போய் பீரோவைப் பார்த்துட்டு வருவாரு.

“ஒரு இடத்துல உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது!”

“கேளும்மா, ஏதாவது கேளு.”

“ஏ மேஜர்?”

“மூணு. எஃப், சி, ஜி. சரியா?”

சரிதான். அவருக்குக் கேள்வி கேட்டுக் கேட்டு எனக்கே முழு வட்டமும் மனப்பாடம் ஆயிடுச்சு.

எட்டாம் நாள், நாங்க எப்பவும் முதல்ல பாடுற பாட்டை எடுத்தோம். அது ஏ மேஜர். கல்யாணமான வருஷம் என் பாட்டு நோட்டுல அவர் கையாலயே எழுதிக் கொடுத்தது. “அது வேணாம், வேற எடுப்போம்”னாரு. நான் விடல. கீபோர்டுல பட்டனைச் சுழியத்துல வச்சுட்டு, மூணு கறுப்புக் கட்டையையும் தேடித் தேடி வாசிச்சாரு. ஒரு பிசகு இல்ல. நான் பாடினேன். மூணாவது வரியில, மேல போற இடத்துல, தொண்டை கிழிஞ்சு குரல் அப்படியே நின்னுபோச்சு.

“எங்கேயோ தப்பா வாசிக்கிறீங்க. போன வாரம்கூடப் பாடினேனே!”

ஆடிக்கிட்டிருந்த அவர் கால் நின்னுடுச்சு.

நானே போய், கீபோர்டுல அந்தப் பாட்டுக்குன்னு அவர் பதிஞ்சு வச்சிருந்ததை அமுக்கினேன். மைனஸ் ஏழுன்னு காட்டுச்சு. சி-யிலிருந்து மூணு கட்டை கீழதான் ஏ, அப்போ மைனஸ் மூணுதானே இருக்கணும்? சி-யிலிருந்து கறுப்பும் வெள்ளையுமா விரலாலயே ஏழு கட்டை இறங்கினேன். எஃப்ல வந்து நின்னுச்சு.

“எப்போதிலிருந்து?”

“ஒரேயடியா இல்லம்மா. உனக்கு மூச்சு முட்டுறது தெரிஞ்சா, நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஒண்ணு இறக்குவேன்.”

ஊரே “குரல் அப்படியே இருக்கு”ன்னு சொல்லும்போதெல்லாம் பக்கத்துல நின்னு சிரிச்சாரே பாவி! அவமானமா இருந்துச்சு. கோபம் தலைக்கு ஏறிச்சு. ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசல. ஓட்டலுக்குப் போகவே வேணாம்னுகூடத் தோணுச்சு. அவரு வாசலுக்கும் பீரோவுக்குமா நடந்துக்கிட்டே இருந்தாரு.

பத்தாம் நாள் நானே புடவை மாத்திக்கிட்டுக் கிளம்பினேன். ஓட்டல்ல அவரு பியானோ முன்னாடி உக்காந்து கையைத் துடைச்சுக்கிட்டாரு.

“என்ன ஸ்கேல்?” மேனேஜர் பேனாவோட கேட்டாரு.

இவரு என்னைப் பார்த்தாரு. ஏ-ன்னு சொன்னா மானம் மூணாவது வரியில போயிடும். எஃப்-ன்னு சொன்னா, எனக்கு வயசாயிடுச்சுன்னு என் வாயாலயே சொன்ன மாதிரி.

“எஃப்”னு சொன்னேன்.

பாடினேன். எங்கேயும் முட்டல. அவரும் அந்த ஒரே ஃப்ளாட்டை ஒரு இடத்துலயும் மறக்கல. ஒண்ணாம் தேதியிலிருந்து வரச் சொல்லிட்டாங்க.

பஸ்ல திரும்பும்போது மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கல. “ஒரே ஒரு ஃப்ளாட்தான், இனிமே கவலையே இல்ல!”ன்னு முன் சீட்டுக் கம்பியில தாளம் போட்டுக்கிட்டே வந்தாரு.

“எஃப்புக்கும் கீழ ஒரு கட்டை இறங்கினா என்ன வரும்?”னு கேட்டேன்.

தாளம் நின்னுச்சு. “ஈ.”

“அதுக்கு எத்தனை?”

“நாலு ஷார்ப்பும்மா.”

“இப்பவே படிக்க ஆரம்பிங்க”ன்னேன். “எப்போ வேணும்னு இந்தத் தடவை நான் சொல்றேன்.”