பூட்டிய அலமாரியில் கொஞ்சம் தூக்கம்

கஞ்சாச் செடி மருந்தைச் சட்டப்படி விற்பது, எதற்கெடுத்தாலும் சந்தேகப்படும் மாமியாரோடு குடித்தனம் நடத்துவது மாதிரி. இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். திருவொற்றியூரில் மதியக் கடல்காற்று கண்ணை அமுக்கும். என் ஆயுர்வேத மருந்துக் கடையில் நானும் பாதி மயக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். அலமாரிச் சாவி மட்டும் இடுப்பைவிட்டு இறங்காது.

சீட்டு இல்லாத வலி

ராயபுரம் மும்தாஜ் அக்காவின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டியவர். முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வலியில் தூக்கமே கிடையாது. அக்கா கஞ்சா இலைச்சாறு மருந்து கேட்டு வந்தார். சித்தா, ஆயுர்வேத டாக்டர் சீட்டில்லாமல் கொடுத்தால் என் உரிமம் போய்விடும். முடியாது, டாக்டர் சீட்டோடு வாருங்கள் என்றேன்.

“சந்துல நின்னுகினு கஞ்சா விக்கிறவன் கூவிக் கூவி குடுக்கிறான். நீ மருந்த வெச்சிகினே இல்லைன்றியே, கண்ணு!”

விதை வேறு, இலை வேறு

கஞ்சா விதை எண்ணெய் வெறும் உணவுப் பொருள். யாரும் வாங்கலாம், போதை துளியும் இருக்காது. எவ்வளவோ சொன்னேன். எர்ணாவூர் வெல்டர் ஒருவர் ‘எல்லாம் தெரியும்’ என்பதுபோல் சிரித்துவிட்டு வாங்கிப் போனார். மறுநாள் வாடிய முகத்தோடு வந்து நின்றார்.

“யக்கா, முழு பாட்டிலும் குட்ச்சேன். போதையும் வர்ல, ஒரு மண்ணும் வர்ல. வவுறுதான் பேஜாரு பண்ணிகினு கீது!”

ஆய்வு

மருந்து ஆய்வாளர் திடீரென்று வந்தார். மோர் கொடுத்தேன். அலமாரியைத் திறக்குமுன் ஃபேனுக்கடியில் உட்கார்ந்தவர், காற்றுக்குச் சொக்கி, வாயைத் திறந்து தூங்கிவிட்டார். தெருவில் போன போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். தூங்குகிற ஆய்வாளரை, அலமாரியை, என்னை. நான் மோர் டம்ளரைத் தூக்கிக் காட்டினேன். கும்மிடிப்பூண்டி ரயில் சத்தத்தில்தான் ஆய்வாளர் விழித்தார்.

“ஏம்மா, நான் மோரைத் தவிர எதுவும் குடிக்கலைன்னு நீங்கதான் சாட்சி.”

ஆரியா

மும்தாஜ் அக்கா, தன் வீட்டுக்காரரை ஷேர் ஆட்டோவில் சித்தா டாக்டரிடம் கூட்டிப்போய், முறையான சீட்டோடு வந்தார். பூட்டைத் திறந்து மருந்தை எடுத்துக் கொடுத்தேன். சில நாள் ஆளைக் காணோம். மருந்து கேட்டதோ இல்லையோ என்று எனக்குத்தான் கவலை. ஒரு மதியம், கடையே கனவில் மிதப்பதுபோல் அசந்திருந்த நேரம், அக்கா மெதுவாகப் படியேறி வந்தார். ‘ஆரியா’ என்றால் துறைமுகத்தில் சரக்கை இறக்கச் சொல்லும் குரல். அக்கா சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“நேத்து நல்லா தூங்கினாரு, கண்ணு. தூக்கத்துலயே கைய ஆட்டி, ‘ஆரியா... ஆரியா...’ன்னு சிரிச்சிகினே கீறாரு. நான்தான் தூங்காம பாத்துகினே இருந்தேன்.”

ஆக, ஊருக்குத் தூக்கம் விற்கும் இந்தத் தொழிலில், கண்கொட்டாமல் விழித்திருக்கத்தான் எனக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள்.