அப்புறம் கட்டிக்கலாம்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் யாரோ இறக்கிவைத்த நனைந்த கோரைப்பாய்க் கட்டின் வாசனை, கடலூர் வீட்டுக் கொல்லையில் இருந்த மண்சுவர் அறைக்கு என்னை இழுத்துப்போனது. மாதவிலக்கு நாட்களில் அம்மா அங்கேதான் ஒரு கோரைப்பாயில் தனியாகக் கிடப்பாள். சோற்றுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, அவளைத் தொடக் கூடாது என்பதால் வேப்ப மரத்தடியில் நின்று, உள்ளே வளையல் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு புயலில் அறை இடிந்தது. அம்மா வீட்டுக்குள் வந்து படுத்தாள். "மழ உடட்டும், அப்புறம் கட்டிக்கலாம்" என்றார் அப்பா. மழை விட்டது, வெயில் வந்தது, அவர் அந்த இடத்தில் முருங்கை நட்டார்.

காலம் திருந்திவிட்டது என்கிறார்கள். எங்கள் வீட்டில் இடிந்தது சுவர் மட்டும்தான். அவளை ஒதுக்கிவைத்தது தப்பு என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அந்த நாட்கள் வந்தால், வீட்டுக்குள்ளேயும் அவள் கொல்லைக் கதவை ஒட்டியே பாய் விரிப்பாள்.